பழைய மெருகா, புதிய மெருகா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல்)

பொன்னை உரைத்துப் பார்க்க உரைகல் இருக்கிறது. பாலில் நீர் கலந்திருந்தால் பால்மானி காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் நூறு ஆண்டு கண்ட ஒரு பாட்டுப் பெட்டியை நம் முன்னே வைத்து, "இந்த மரத்தின் மேல் இருக்கும் மெருகு தொழிற்சாலையில் பூசியதா, அல்லது இடையில் யாரோ சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசியதா?" என்று கேட்டால் எதைக்கொண்டு விடை சொல்வது? இதற்கென்று ஒற்றை உரைகல் கிடையாது. கண், விரல் நுனி, கொஞ்சம் வேதியியல், நிறையப் பொறுமை ஆகிய நான்கும் சேர்ந்துதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

"மெருகில் என்ன இருக்கிறது? பாட்டுக் கேட்டால் போதாதா?" என்று நண்பர்கள் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். பெட்டிக்குள் இருக்கும் சுருள்வில் அறுந்தால் வேறு சுருள்வில் போடலாம். பல்சக்கரம் தேய்ந்தால் புதிதாகக் கடைந்து கொள்ளலாம். ஆனால் மரத்தின் மேல் உள்ள முதல் மெருகைச் சுரண்டி எடுத்துவிட்டால், அதைத் திரும்பப் பூச எவராலும் முடியாது. எவ்வளவு நன்றாகப் பூசினாலும் அது இரண்டாம் மெருகே. பழம்பொருள் சேகரிப்போர் மெருகு மாறாத பெட்டிக்கு அதிக விலை கொடுப்பதும் இதனாலேயே. அதனால்தான் மெருகைப் பார்க்கக் கற்றுக்கொள்வது, மெருகு போடக் கற்றுக்கொள்வதைப் போலவே ஒரு தனிக் கலையாகிறது.

பெட்டி வந்த கதை

அமெரிக்காவில் தாமஸ் ஆல்வா எடிசன் போனோகிராப்பைக் கண்டுபிடித்தது 1877-ல். முதற்கருவியில் உருளையின் மேல் சுற்றிய வெள்ளீயத் தாளில் ஒலி பதிந்தது. மெழுகு உருளை அதன் பிறகு வந்தது. எமில் பெர்லினர் 1887-ல் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றார். உருளையை விட்டுவிட்டுத் தட்டையான இசைத்தட்டைப் பிடித்துக்கொண்டது அவருடைய வழி.

தொடக்கத்தில் இவை கண்காட்சிப் பொருள்களாகவே இருந்தன. சாவி கொடுத்தால் ஓடும் சுருள்வில் இயந்திரம் வந்த பிறகுதான் வீடுகளுக்குள் நுழைந்தன. எடிசனின் 'ஹோம்' மாதிரி 1896-லும், 'ஸ்டாண்டர்டு' மாதிரி 1898-லும் விற்பனைக்கு வந்தன. 1901-ல் நியூ ஜெர்சி மாநிலத்துக் காம்டன் நகரில் எல்ட்ரிட்ஜ் ஜான்சன் விக்டர் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அந்நிறுவனம் 1906-ல் வெளியிட்ட 'விக்ட்ரோலா'வில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த புனல் மரப்பெட்டிக்குள் மறைந்துகொண்டது. அதன் விலை 200 டாலர். கருவி என்ற நிலையிலிருந்து கூடத்தை அழகு செய்யும் மரச்சாமான் என்ற நிலைக்குப் பாட்டுப் பெட்டி உயர்ந்தது அப்போதுதான். 1929-ல் எடிசன் நிறுவனம் போனோகிராப் தொழிலைக் கைவிட்டது. அதே ஆண்டில் விக்டர் நிறுவனம் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் கைக்குப் போயிற்று.

இப்பெட்டிகளுக்குப் பெரும்பாலும் ஓக், மகோகனி, வால்நட் ஆகிய மரங்களைப் பயன்படுத்தினார்கள். ஓக் மரத்தை நடுவிலிருந்து ஆரைப்போக்கில் அறுத்தால் பலகையின் மேல் வெள்ளி மின்னல்போல் கீற்றுகள் தோன்றும். அக்கீற்றுகள் எடுப்பாகத் தெரியவேண்டும் என்பதற்காகவே சாயமும் மெருகும் ஏற்றினார்கள். எனவே மெருகு என்பது மரத்துக்குப் போட்ட போர்வை மட்டும் அன்று. அந்தத் தொழிற்சாலையின் கைவேலையும் அதில் அடங்கியிருக்கிறது.

மெருகுக்குள் இருக்கும் அடுக்குகள்

வெளிப்பார்வைக்கு ஒரே படலமாகத் தெரியும் மெருகில் பல அடுக்குகள் உண்டு. முதலில் மரத்துக்கு நிறம் தரும் சாயம். அடுத்து, மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் மக்கு. ஓக் மரத்தின் துளைகள் பெரியவை. அவற்றில் கருநிற மக்கைத் தேய்த்து அடைப்பது வழக்கம். அதன்மேல் அரக்கு மெருகோ எண்ணெய் வார்னிஷோ பல கைகள் ஏறும். இடையில் நிறுவனத்தின் ஒட்டுமுத்திரை வரும். எடிசன் பெட்டியின் முகப்பில் பொன்னிறத்தில் மின்னும் பெயர், விக்டர் பெட்டியின் மூடிக்கு உட்புறம் புனலின் முன் தலைசாய்த்து அமர்ந்திருக்கும் 'நிப்பர்' நாய் ஆகியவை அத்தகைய முத்திரைகளே. கடைசியில் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள்.

மெருகுப் பொருள்களில் நாம் முதலில் அறிய வேண்டியது அரக்கு. அரக்கு மாளிகைக் கதையைக் கேட்காத தமிழர் யார்? அந்த அரக்கே இது. புரசு, இலந்தை முதலிய மரங்களின் இளங்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி, சாற்றை உறிஞ்சி உடலிலிருந்து பிசினாகக் கசியவிடுகிறது. கிளையோடு சேர்ந்திருப்பது கொம்பரக்கு. அதைத் தூய்மை செய்து, உருக்கி, அவல்போல் மெல்லிய செதில்களாக்கினால் அவலரக்கு. ஆங்கிலத்தில் இதனை 'ஷெல்லாக்' என்பர். அரக்கு விளைவில் நம் நாடு இன்றும் முன்னணியில் நிற்கிறது. ராஞ்சிக்கு அருகில் நாம்கும் என்ற இடத்தில் 1924-லேயே அரக்கு ஆராய்ச்சிக்கென ஒரு நிலையம் தொடங்கப்பட்டது.

இங்கே ஒரு சுவையான செய்தி. பெர்லினர் முதலில் தம் தட்டுகளைக் கெட்டி ரப்பரில் செய்து பார்த்தார். 1890-களின் பிற்பகுதியில் அரக்குக் கலவைக்கு மாறினார்கள். அரக்குடன் கல்மாவும் கரிக்கருப்பும் பருத்தி இழையும் சேர்த்து அழுத்திய தட்டுகள்தாம், நம் பாட்டனார் காலத்தில் நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் சுழன்ற இசைத்தட்டுகள். ஆகவே சுழலும் தட்டும், அதைத் தாங்கிய பெட்டியின் மெருகும் ஒரே பூச்சியின் கொடையாக இருந்த காலம் அது.

கரைவதும் கரையாததும்

இனி வேதியியலுக்கு வருவோம். மெருகுகள் உலரும் விதம் இரண்டு. அரக்கை எரிசாராயத்தில், அதாவது ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுகிறோம். ஸ்பிரிட் ஆவியாகிப் போகிறது. அரக்கு படலமாகத் தங்கிவிடுகிறது. இதில் வேதிமாற்றம் பெரிதாக ஒன்றும் நிகழ்வதில்லை. ஆகையால் பல ஆண்டுகளுக்குப் பிறகும் ஸ்பிரிட் பட்டால் அரக்கு இளகிக் கொடுக்கும். அரக்கின் மூலக்கூறில் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைய உண்டு. ஆல்கஹாலிலும் அதே தொகுதி உண்டு. "ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்" என்று முதலாண்டில் படித்தோமே, அந்த விதிதான்.

எண்ணெய் வார்னிஷ் அப்படியன்று. ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெயில் பிசினைக் காய்ச்சிச் செய்வது அது. பூசிய பின் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வலைபோல் பிணைந்துகொள்கின்றன. பிணைந்த வலையை ஸ்பிரிட் எளிதில் கரைப்பதில்லை.

மூன்றாவது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். டூபான்ட் நிறுவனத்தின் 'டூகோ' என்ற லாக்கர் 1923-ல் மோட்டார் கார்களுக்கு வந்தது. சீக்கிரம் காயும் தன்மையால் இத்தகைய லாக்கர்கள் சில ஆண்டுகளில் மரச்சாமான்களுக்கும் பரவின. இது அசிட்டோனில் இளகும். ஸ்பிரிட்டுக்கு அவ்வளவாக அசையாது. நான்காவது பாலியூரித்தேன். அதன் வேதியியலை ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவர் கூட்டத்தாரும் 1937-ல் கண்டறிந்தார்கள். மரத்துக்கான மெருகாக அது பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே.

இந்த வரிசையை மனத்தில் இருத்திக்கொண்டால் ஒரு பெரிய உண்மை புலப்படும். 1905-ல் செய்த பெட்டியின் மேல் பாலியூரித்தேன் இருக்கிறது என்றால், அந்தப் படலம் பின்னாளில் பூசியதே. இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் அதே பெட்டியின் மேல் அரக்கு இருந்தால் அது முதல் மெருகு என்று முடிவு கட்டிவிட முடியுமா? முடியாது. சென்ற ஆண்டு பூசியவரும் அரக்கையே பூசியிருக்கலாம் அல்லவா? கரைப்பான் சோதனை பொய்யை மறுக்கும், மெய்யை நிறுவாது. இதை மறந்தவர்களே பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடம்

இந்தப் பொருளில் எனக்கு ஆர்வம் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவலரக்கை ஸ்பிரிட்டில் இரவெல்லாம் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பஞ்சுப் பொதியை மெல்லிய துணியில் சுற்றி, மரத்தின் மேல் வட்டம் வட்டமாகத் தேய்ப்பதைச் சிறு வயது முதல் பார்த்து வருகிறேன். மழைக்காலத்தில் பாலிஷ் போட்டால் வெளுத்துப்போகும் என்பது அவருக்குத் தெரியும். காற்றின் ஈரம் படலத்துக்குள் சிக்கிக்கொள்வதே அதன் காரணம் என்பதைப் பாடப்புத்தகம் எனக்குச் சொன்னது. அவருக்குத் தெரிந்ததற்கு எனக்குக் காரணம் தெரிகிறது. எனக்குத் தெரிந்த காரணங்களில் பாதி அவர் விரலுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

ஒருமுறை ஒரு கடைக்காரர் அப்பாவிடம் வந்தார். புதுப் பலகையில் செய்த கிராமபோன் பெட்டி ஒன்றைக் கொடுத்து, "நூறு வருஷத்துச் சாமான் மாதிரி ஆக்கிக் கொடுங்க" என்றார். அப்பா, "பாலிஷ் போட்டுத் தர்றேன் முதலாளி. பழசு மாதிரி ஆக்கச் சொல்லாதீங்க. நாளைக்கு வாங்குறவன் நம்பி வாங்குவான்" என்றார். பெட்டி வேறு பட்டறைக்குப் போயிற்று. அந்த வாரக் கூலியும் அதோடு போயிற்று. மெருகைப் பற்றிய கேள்வி வெறும் அழகைப் பற்றியது அன்று, வாக்கைப் பற்றியது என்பதை அன்று உணர்ந்தேன்.

நம் நாட்டில் இது அரிய நிகழ்ச்சியும் அன்று. புது மரப்பெட்டி, எங்கிருந்தோ கழற்றிய இயந்திரம், பளபளக்கும் பித்தளைப் புனல், நாய்ப் படம் போட்ட தகடு ஆகியவற்றைக் கூட்டிச் சேர்த்து, 'பழைய எச்.எம்.வி.' என்று சுற்றுலாப் பயணிகளிடம் விற்பது பல காலமாக நடக்கிறது. இந்தியாவிலிருந்து போகும் இத்தகைய ஒட்டுப்பெட்டிகளை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் நன்கறிவார்கள். அவற்றைச் செய்யும் தச்சரின் கைத்திறன் குறைந்ததன்று. அதற்கு இடும் பெயர்தான் பொய்.

கண்ணால் காணும் சான்றுகள்

சோதனையை எப்போதும் கண்ணிலிருந்தே தொடங்க வேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைப் பலகையோடு சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத பல செய்திகள் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும்.

முதலாவது, வெடிப்பு. மரம் ஈரத்துக்கு விரியும், வறட்சிக்குச் சுருங்கும். மேலிருக்கும் படலமோ வயதாக ஆக நெகிழ்ச்சியை இழந்து நொறுங்கும் தன்மை பெறும். ஆகவே பழைய மெருகில் வலைபோல் நுண்வெடிப்புகள் தோன்றும். சில வேளை முதலைத் தோல்போல் திட்டுத்திட்டாகவும் ஆகும். இது முதுமையின் நல்ல அடையாளம். ஆனால் பூசியவுடன் வெடிக்கும் தனி லாக்கர்களும் கடையில் கிடைக்கின்றன. எங்கும் ஒரே அளவாக வெடித்திருந்தால் ஐயப்படுங்கள். இயற்கையான வெடிப்பு வெயில் பட்ட இடத்தில் மிகுந்தும், நிழலில் இருந்த இடத்தில் குறைந்தும் காணப்படும்.

இரண்டாவது, தேய்மானம். பயன்படுத்திய பொருள் பயன்படுத்திய இடத்தில் தேயும். மூடியைத் தூக்கும் முன்விளிம்பு, சாவிக் கைப்பிடி நுழையும் துளையைச் சுற்றிய பகுதி, தூக்கிச் செல்லும் கைப்பிடியின் அடி, பெட்டியின் கீழ் மூலைகள் ஆகியவற்றில் மெருகு தேய்ந்திருக்க வேண்டும். கை படாத இடத்தில் தேய்ந்து, கை படும் இடத்தில் பளபளவென்று இருந்தால் யாரோ செயற்கையாகத் தேய்த்திருக்கிறார்கள் என்பது பொருள்.

மூன்றாவது, விளிம்புகள். தொழிற்சாலையில் இயந்திரத்தில் கடைந்த அலங்கார விளிம்புகள் கூர்மையாக இருக்கும். பழைய மெருகை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தவர் அந்தக் கூர்மையையும் சேர்த்து எடுத்திருப்பார். மூலைகள் சோப்புக் கட்டிபோல் வழவழவென்று உருண்டிருக்கும். மர ஓட்டத்துக்குக் குறுக்கே மெல்லிய கீறல்கள் தெரிந்தால் அதுவும் உப்புத்தாளின் தடமே.

நான்காவது, நுண்துளைகள். ஓக் பலகையைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். துளைகளில் கருநிற மக்கு இருக்கிறதா? பெயின்ட் ரிமூவர் போட்டுக் கழுவியிருந்தால் மக்கும் கரைந்து வெளியேறியிருக்கும். துளைகள் திறந்து, மரம் வெளிறி, புதிதாக இழைத்த பலகைபோல் காட்சி தரும். இதை விரல் நுனியே உணரும். மக்கு உள்ள பலகை கண்ணாடிபோல் வழுக்கும். மக்கு இழந்த பலகை மெல்லச் சொரசொரக்கும்.

ஐந்தாவது, ஒட்டுமுத்திரை. மெருகு வெடித்த இடத்தில் முத்திரையும் சேர்ந்து வெடித்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகவே முதுமை அடைந்தவை அல்லவா? சுற்றிலும் வெடிப்பு இருந்து, முத்திரை மட்டும் புதுமணம் மாறாமல் இருந்தால் அது பின்னால் ஒட்டியது. பழைய மாதிரிகளுக்கான புதிய முத்திரைகள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. மாறாக, முத்திரை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால் பெட்டியைச் சுரண்டியிருக்கிறார்கள் என்று ஐயுறலாம்.

மறைவிடங்கள் பொய் சொல்வதில்லை

மெருகு மாற்றுகிறவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கவனமாக இருப்பார். தெரியாத இடத்தில் அலட்சியமாக இருப்பார். ஆகவே நாம் தெரியாத இடத்தைத்தான் தேட வேண்டும்.

பெட்டியின் மேல் உள்ள ஓர் உலோகத் தகட்டையோ, புனலைத் தாங்கும் பின்பக்க இரும்புத் தாங்கியையோ மெல்லக் கழற்றுங்கள். அதன் அடியில் இருந்த மரம் நூறு ஆண்டுகளாக வெயிலைக் காணாதது. முதல் மெருகாக இருந்தால் அந்த இடம் மட்டும் நிறம் மங்காமல், சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்டு, தகட்டின் நிழல்போல் பதிந்திருக்கும். உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருந்தால் தகட்டைக் கழற்றிவிட்டு முழுவதும் பூசியிருக்கிறார்கள். சில பேருக்குத் தகட்டைக் கழற்றவும் பொறுமை இருக்காது. அத்தகைய பெட்டிகளில் தகட்டின் ஓரத்தில் மெருகு வழிந்து காய்ந்திருக்கும்.

திருகாணிகளின் தலையையும் பாருங்கள். பலமுறை கழற்றி மாட்டியிருந்தால் வெட்டுவாய் சிதைந்திருக்கும். பெட்டிக்கு உட்புறமும் அடிப்புறமும் முகப்பைப்போல் அக்கறையாக மெருகேற்றியிருக்க மாட்டார்கள். அங்கே புதுப் படலம் சொட்டியிருந்தாலோ தூரிகைத் தடம் இருந்தாலோ அது பிற்காலத்தது. உரிமம், காப்புரிமை பற்றி ஒட்டியிருந்த காகிதச் சீட்டு சாயத்தில் நனைந்தோ, பாதி கரைந்தோ இருப்பதும் ஒரு சான்றே.

எடிசனின் சிறு பெட்டிகளில் வளைந்த மூடி ஒன்று உண்டு. வெயில், தூசி, ஈரம் எல்லாம் அந்த மூடியின் தலையில்தான் விழுந்தன. எனவே மூடி அதிகமாகவும், அது மூடிக் காத்த உட்பகுதி குறைவாகவும் முதுமை அடைந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே பளபளப்பில் இருந்தால் காரணம் கேட்க வேண்டியதுதான்.

கரைப்பான் சோதனை

இவ்வளவும் பார்த்த பிறகே திரவத்தைத் தொட வேண்டும். அதற்கு முன் பெட்டியின் வயதைத் தெரிந்துகொள்ளுங்கள். உலோகத் தகட்டில் வரிசை எண்ணும் காப்புரிமைத் தேதிகளும் பொறித்திருக்கும். அவற்றுள் கடைசித் தேதிக்கு முன்பு அந்தத் தகடு வந்திருக்க முடியாது. இந்த வயது தெரியாமல் சோதித்தால் விடையைத் தவறாகப் படித்துவிடுவோம். 1905-ஆம் ஆண்டுப் பெட்டியில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் இருந்தால் அது மாற்றிய மெருகு. 1927-ஆம் ஆண்டுப் பெட்டியில் இருந்தாலோ முதல் மெருகாகவே இருக்கலாம்.

பின்புறத்தின் கீழ் மூலைபோல் மறைவான ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, அழுக்கையும் மெழுகையும் மெல்லத் துடைத்துவிடுங்கள். குச்சியில் சுற்றிய பஞ்சில் ஒரு துளி ஸ்பிரிட்டை நனைத்து, சில விநாடிகள் வையுங்கள். படலம் பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பு நிறம் ஏறினால் அரக்கு. ஒன்றும் ஆகாவிட்டால், வேறொரு மறைவிடத்தில் அசிட்டோனால் அவ்வாறே செய்யுங்கள். சட்டென்று இளகினால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்று கொள்ளலாம். இரண்டுக்கும் அசையாவிட்டால் முதிர்ந்த எண்ணெய் வார்னிஷோ பாலியூரித்தேனோ என்று ஆராய வேண்டும். ஒட்டுமுத்திரையின் அருகில் எந்தத் திரவத்தையும் கொண்டுபோகாதீர்கள். ஒரு துளி ஸ்பிரிட் அதை அழித்துவிடும். இரண்டு திரவங்களும் எளிதில் தீப்பற்றுபவை என்பதை வேதியியல் மாணவர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. மற்றத் துறை நண்பர்கள் நினைவில் கொள்க.

திரவமே வேண்டாம் என்பவர்களுக்குப் புற ஊதா விளக்கு உண்டு. இருட்டறையில் அந்த ஒளி பட்டால் வெளுக்காத அரக்கு ஆரஞ்சு நிறமாக ஒளிரும். முதிர்ந்த இயற்கைப் பிசின் வார்னிஷ் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பலகை முழுவதும் ஒரு நிறமாகவும், இடையில் ஒரு திட்டு மட்டும் வேறு நிறமாகவும் தெரிந்தால் அந்தத் திட்டைப் பின்னாளில் யாரோ தொட்டிருக்கிறார்கள். அருங்காட்சியகங்களில் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். ஊசிமுனை அளவு படலத்தை எடுத்து, குறுக்கே வெட்டி, நுண்ணோக்கியில் அடுக்குகளை எண்ணுவார்கள். இரண்டு மெருகுகளுக்கு இடையே ஒரு வரி அழுக்கு சிக்கியிருந்தால், முதல் மெருகு சில காலம் புழக்கத்தில் இருந்த பிறகே இரண்டாவது ஏறியது என்பது தெளிவாகிவிடும்.

இடைநிலைகள்

உலகில் எல்லாப் பெட்டிகளும் 'பழையது', 'புதியது' என்று இரண்டே வகையில் அடங்கிவிடுவதில்லை. அழுக்கு நீக்கி மெழுகு மட்டும் தேய்த்த பெட்டி முதல் மெருகுள்ள பெட்டியே. பழைய மெருகின் மேல் புதிதாக ஒரு கை பூசியிருந்தால், அடியில் வெடிப்பும் மேலே வழவழப்புமாகத் தெரியும். அது பாதி பழையது. இன்னொரு வழியும் உண்டு. வெடித்த அரக்கின் மேல் ஸ்பிரிட்டைத் தடவி, அதே அரக்கை இளக்கி மீண்டும் ஒன்றுசேர்ப்பது. இங்கே பொருள் பழையது, தோற்றம் புதியது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று சேகரிப்பாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பதே நேர்மையான வழி என்பது என் எண்ணம்.

அப்படியானால் மெருகை மாற்றுவதே தவறா? பாலிஷ் தொழிலாளியின் மகன் அப்படிச் சொல்ல மாட்டேன். வெள்ளத்தில் ஊறி மெருகு முழுதும் உரிந்துபோன பெட்டியும், எவரோ பச்சைப் பெயின்ட் அடித்துவிட்ட பெட்டியும் நல்ல கைக்காகக் காத்திருப்பவை. அவற்றுக்கு அந்தக் காலத்துப் பொருளைக்கொண்டே மெருகேற்றி மறுவாழ்வு தருவது சிறந்த தொண்டு. நம் வீட்டுத் தேக்குக் கதவுக்குத் திருமணத்தை ஒட்டிப் புது மெருகு போடுகிறோம். யாரும் குறை சொல்வதில்லை. கதவு தன்னைப் பழையது என்று விலை கூறிக்கொள்வதில்லை. தவறு எங்கே தொடங்குகிறது என்றால், இருக்கும் முதல் மெருகை அழுக்கென்று எண்ணிச் சோதிக்காமல் சுரண்டும்போதும், சுரண்டிப் பூசியதை முதல் மெருகு என்று சொல்லி விற்கும்போதும்தான்.

முடிவாக

நண்பர்களே! பழைய பாட்டுப் பெட்டி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் இந்த வரிசையை நினைவிற் கொள்ளுங்கள். முதலில் வயதை அறிக. பிறகு கண்ணால் காண்க. பிறகு மறைவிடத்தைத் திறந்து ஒப்பிடுக. கடைசியில், தேவைப்பட்டால் மட்டும், ஒரு துளி திரவத்தைத் தொடுக. கண்டதை எல்லாம் ஒரு தாளில் எழுதுக. வெடிப்பும் தேய்மானமும் விளிம்பும் முத்திரையும் தகட்டடி நிழலும் ஒரே திசையில் சாட்சி சொன்னால் ஓரளவு துணிந்து தீர்ப்பு வழங்கலாம். ஒரு சாட்சி மாறிப் பேசினாலும் தீர்ப்பைத் தள்ளி வையுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்யும்போது ஒரு சோதனையை வைத்து முடிவெழுதினால் நம் ஆசிரியர்கள் ஏற்பதில்லை. உறுதிச் சோதனை எங்கே என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் கேட்கப் பழகினால், பாட்டுப் பெட்டி வாங்காதவருக்கும் பயன் உண்டு. உப்புத்தாளைக் கையில் எடுக்குமுன் ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பதால் இழப்பு ஏதும் இல்லை. எடுத்துத் தேய்த்த பின், எத்தனை நாள் பொறுத்தாலும் பயன் இல்லை.